உடைந்த லாக் போல்ட்டைத் தூக்கி எறியாதே

வெட்டூர்ணிமடத்திலும் தோட்டியோட்டிலும் மார்த்தாண்டத்திலும் மண் வண்டி வேலை பழக வருகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். முன்னால் லோடரும் பின்னால் தோண்டுகிற கையும் உள்ள வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நமக்கு அது ஜேசிபி. செயினில் ஓடுகிற வண்டி எல்லாம் ஹிட்டாச்சி. ஊர் வழக்கு அப்படி, நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். எஞ்சினையும் பம்பையும் சொல்லித்தர ஆள் உண்டு. மூட்டுக்கு மூட்டு பின் கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற லாக் போல்ட், லாக் பிளேட், சர்க்ளிப், காட்டர் பின் ஆகியவற்றை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. கையில் ஒரு துண்டுக் கம்பியைக் கொடுத்து, "இப்போதைக்கு இதைப் போட்டு முறுக்கு" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

1. பின் எங்கே நிற்கிறது, எது சுற்றுகிறது என்பதை முதலில் பார்.

பக்கெட்டின் இரண்டு காதுகளிலும் நுழைந்து நிற்கிற பின் சுற்றக் கூடாது. ஆர்மின் நுனியில் இருக்கிற புஷ்தான் அந்தப் பின்னின்மேல் திரும்பித் திரும்பி ஆடும். இரண்டுக்கும் நடுவில் கிரீஸ் இருக்கும். பக்கெட்டில் அள்ளுகிற பாரம் முழுவதையும் பின்னின் தடிமனும் காதுகளும் தாங்குகின்றன. லாக்குக்கு இரண்டே வேலை: பின் பக்கவாட்டில் நகராமல் பார்ப்பது, சுற்றாமல் பார்ப்பது. மாட்டு வண்டியில் பாரத்தை அச்சு சுமக்க, கடையாணி சக்கரத்தைக் காவல் காப்பதில்லையா, அந்த மாதிரி. 20 டன் வண்டியில் 80 மி.மீ. பின்னை ஒரு விரல் தடிமன் போல்ட் பிடித்து நிற்பது இதனால்தான். மூட்டு ஒழுங்காக இருந்தால் அந்தப் போல்ட்டுக்குச் சுமையே கிடையாது.

பின்னுக்கு உள்ளேயே கிரீஸ் வழி துளைத்திருக்கிற வண்டிகளில் லாக்குக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிடும். கிரீஸ் வெளிவருகிற துளை, பாரம் அழுத்தாத பக்கம் பார்த்து நிற்க வேண்டும். பின் சுற்றிவிட்டால் அந்தத் துளை அழுத்தத்தில் மாட்டி அடைந்துவிடும்.

2. லாக் உடைந்தால் புதுசு போடுவதற்கு முன்னால் காரணம் கேள்.

இந்தத் தொழிலில் நான் சொல்லித்தர விரும்புவது ஒன்றே ஒன்று என்றால் இதைத்தான் சொல்வேன். சுமையே இல்லாத சாமான் உடைந்தது என்றால், அதன்மேல் எங்கிருந்தோ சுமை வந்திருக்கிறது. உடைந்த துண்டு அதைச் சொல்லும். துடைத்துவிட்டு வெயிலில் பிடித்துப் பார்.

கத்தரித்ததுபோல் குறுக்கே மழுங்கி வெட்டுப்பட்டிருந்தால், பின் சுற்றப் பார்த்திருக்கிறது. அப்படியானால் புஷ்ஷும் பின்னும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டுவிட்டன, கிரீஸ் உள்ளே போகவில்லை. நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அடி. ஓரத்தில் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரவில்லை என்றால் வழி அடைந்திருக்கிறது என்று அர்த்தம். உடைந்த முகத்தில் கடல் அலை மணலில் விட்டுப்போன வரிகள் மாதிரி கோடுகள் இருந்தால், அது ஒரே நாளில் உடையவில்லை. ஆட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் ஓடி, கடைசியில் போயிருக்கிறது. போல்ட் வெட்டுப்படாமல் வளைந்திருந்தால், பக்கெட் பக்கவாட்டில் இடித்திருக்கிறது, காதுக்கும் ஆர்முக்கும் இடையே ஷிம் தேய்ந்து இடைவெளி கூடிப்போயிருக்கிறது. போல்ட் முழுசாக இருந்து நட்டு மட்டும் காணாமல் போயிருந்தால், மாட்டினவன் கையில்தான் குறை.

நான்குவழிச் சாலைக்கு மண் நிரப்புகிற வேலை நடந்த சமயம், ஒரு வண்டியில் பக்கெட் லாக் போல்ட் திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டது. ஓட்டையைப் பெரிதாக்கி ஒவ்வொரு தடவையும் இன்னும் தடியான போல்ட் போட்டார்கள். கடைசியாகப் போட்ட போல்ட் உடையவே இல்லை. உடையாத போல்ட் பின்னை விடவில்லை, கவ்விக்கொண்ட புஷ்ஷும் பின்னை விடவில்லை, ஆர்முக்குள் இறுக்கி அடித்திருந்த புஷ்ஷே கழன்று சுற்ற ஆரம்பித்துவிட்டது. வண்டி பட்டறைக்கு வந்தபோது ஆர்மின் நுனி ஓட்டை வட்டமாகவே இல்லை. வெல்டிங் வைத்து நிரப்பி, லைன் போரிங் போட்டுத்தான் சரிசெய்ய முடிந்தது. முதல் போல்ட் உடைந்த அன்றே நிப்பிளைக் கழற்றி வழியைச் சுத்தம் செய்திருந்தால் அரைமணி நேர வேலை.

3. பெரிய நம்பர் போல்ட் என்றால் நல்ல போல்ட் என்று நினைக்காதே.

போல்ட் தலையில் 8.8, 10.9, 12.9 என்று பொறித்திருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால், ஒரு சதுர மி.மீ.க்கு எத்தனை நியூட்டன் இழுவையில் அது அறும் என்பது தெரியும். 8 என்றால் 800. புள்ளிக்கு அப்புறம் வருகிற 8, அறுவதற்கு முன் அந்தப் பலத்தில் 80 சதவீதத்தில் நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிடும் என்பதைச் சொல்கிறது. 12.9 பலம் அதிகம்தான், ஆனால் முறுகலும் அதிகம். முலாம் பூசிய 12.9 போல்ட்டுக்கு உப்புக் காற்றும் சேர்ந்தால், ஹைட்ரஜன் புகுந்து, முன்னறிவிப்பே இல்லாமல் பட்டென்று தலை தெறிக்கும். தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் கடலோரக் கல் வேலை செய்கிற வண்டிக்கு அதை ஆசைப்பட்டு வாங்காதே. கம்பெனி புத்தகத்தில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதையே போடு. தலையில் எதுவுமே பொறிக்காத போல்ட்டை வாங்குவதும் அதே அளவு தப்பு. அது கதவுக்குப் போடுகிற போல்ட்.

4. இரட்டை நட்டை மாட்டத் தெரிந்துகொள்.

பல ஹிட்டாச்சி வண்டிகளில் காதோடு சேர்ந்த வளையத்தையும் பின்னையும் துளைத்து ஒரு நீள போல்ட் போகும், அதன் நுனியில் இரண்டு நட்டுகள் இருக்கும். புதிதாக வருகிற பையன் முதல் நட்டை ஓங்கி இறுக்குவான், அதன்மேல் இரண்டாவதையும் இறுக்குவான். அப்படிச் செய்யக் கூடாது. அந்தப் போல்ட் ஓட்டைக்குள் கொஞ்சம் லூஸாக, கையால் ஆட்டினால் ஆடுகிற மாதிரி நிற்க வேண்டும். முதல் நட்டை வளையத்தின்மேல் லேசாகத் தொடவிட்டு, சற்றே பின்வாங்கிக்கொள். அதை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இரண்டாவது நட்டை இன்னொரு ஸ்பானரால் முதல் நட்டுக்கு எதிராக இறுக்கு. நட்டுகள்தான் ஒன்றோடொன்று இறுகணும், போல்ட் வளையத்தை நெரிக்கக் கூடாது. நெரித்தால் பின்னுக்கு வருகிற ஒவ்வொரு சின்ன அசைவும் நேராகப் போல்ட்டுக்குப் போகும். இதற்கு இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒரே ஸ்பானரோடு சைட்டுக்கு வருகிறவன் இந்த வேலையைச் சரியாகச் செய்யவே முடியாது.

5. சர்க்ளிப்புக்கு ஆயுள் ஒரு தடவைதான்.

விரித்துக் கழற்றிய சர்க்ளிப் பழைய வட்டத்துக்குத் திரும்பாது. திரும்பியதுபோல் கண்ணுக்குத் தெரியும், பிடிப்பு இருக்காது. மாட்டும்போதும் பின்னின்மேல் ஏறுகிற அளவுக்கு மட்டும் விரி. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பி மாட்டினால் ஒரு பக்கம் கூடுதலாக விரிந்து நெளிந்துவிடும். சர்க்ளிப் பிளையர் இல்லாத பட்டறையில் சர்க்ளிப் வேலையை எடுக்காதே.

கடையில் கேட்கும்போது வெளி சர்க்ளிப்பா உள் சர்க்ளிப்பா என்று சொல்லு. ஷாஃப்ட்டின்மேல் மாட்டுவதற்கு டிஐஎன் 471, ஓட்டைக்குள் மாட்டுவதற்கு டிஐஎன் 472. கிளிப்புக்குச் சொல்கிற அளவு ஷாஃப்ட்டின் அல்லது ஓட்டையின் அளவு, பள்ளத்தின் அளவு அல்ல. 50 மி.மீ. ஷாஃப்ட்டுக்குப் பள்ளத்தின் அடி 47 மி.மீ., கிளிப்பின் தடிமன் 2 மி.மீ. பள்ளத்தின் சுவர் மழுங்கி உருண்டிருந்தால் எத்தனை புதுசு மாட்டினாலும் ஏறி வெளியே வந்துவிடும். அங்கே பின்னையே மாற்று.

தகட்டில் அடித்து வெட்டிய சர்க்ளிப்பைத் தடவிப் பார். ஒரு முகத்தின் ஓரம் வழவழப்பாக இருக்கும், மறுமுகத்தின் ஓரம் விரலைக் கீறும். கீறுகிற முகம், தள்ளுகிற சாமானுக்கு மறுபுறமாக, பள்ளத்தின் சுவரில் சாய்கிற மாதிரி வரணும். திருப்பி மாட்டினால் உருண்ட ஓரம் சுவரில் வழுக்கும். மாட்டியபின் கிளிப்பைப் பள்ளத்துக்குள் சுற்றிப் பார்: சுற்றணும், ஆனால் கடகடவென்று ஆடக் கூடாது.

6. காட்டர் பின்னை ஓட்டைக்குத் தக்கதாக வாங்கு. அதன் அளவு என்பதே ஓட்டையின் அளவுதான். மெல்லிசாகப் போட்டால் ஆடி ஆடித் தேய்ந்து அறும். இரண்டு காலையும் நன்றாக மடக்கு, நீட்டிக்கொண்டிருந்தால் வயலில் வைக்கோலையும் கொடியையும் இழுத்து நிமிர்ந்துவிடும். மடக்கியதை நிமிர்த்தி மறுபடி போடாதே. அதற்குப் பதில் ஆணி, கட்டுக்கம்பி, பழைய வெல்டிங் ராடு என்று எதையும் போடாதே. போட்டால் ஒரு மணிக்கூருக்குள் மாற்று.

7. வெல்டிங் வைத்துப் பின்னை மூடாதே.

"கழன்றுகொண்டே இருக்கிறது அண்ணாச்சி, ஒரு டாக் வச்சு விடுங்க" என்று ஆப்பரேட்டர்கள் கேட்பார்கள். வைத்தால் அன்றைக்கு ஓடும். பின் செய்கிற இரும்பில் கரி அதிகம். சூடு பட்டுச் சட்டென்று ஆறினால் வெல்டிங் ஓரம் கண்ணாடி மாதிரி முறுகி, அங்கே விரிசல் விடும். விரிசல் பின்னோடு நிற்காமல் காதுக்குள்ளும் போகும். அடுத்த தடவை பின்னைக் கழற்ற கேஸ் கட்டர்தான் வேண்டும், காதில் பாதி அதோடு போய்விடும். பூமின் அடியில் லாக் பிளேட்டைப் பிடிக்கிற போல்ட் அடிக்கடி தளர்ந்தால், போல்ட்டைக் கழற்றி, ஓட்டைக்குள் இருக்கிற மண்ணையும் பழைய கிரீஸையும் எண்ணெய்ப் பசை விடாத தின்னர் விட்டுத் துடைத்து, காயவிட்டு, மரையில் லாக்டைட் இரண்டு சொட்டு விட்டு இறுக்கு. பெரும்பாலான லாக் பிளேட் தளர்வதற்குக் காரணம் ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கிற மண். போல்ட் இறுகியதுபோல் இருக்கும், பிளேட் இறுகியிருக்காது.

8. லேத் பின் கெட்டது அல்ல, கேட்டு வாங்கு.

கம்பெனி பார்ட்ஸ் வர நாளாகும் என்றால் நாகர்கோவிலில் நல்ல லேத் பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் அளவை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதே. என்ன இரும்பு என்று கேள். மைல்ட் ஸ்டீல் ராடில் கடைந்தால் பளபளப்பாக இருக்கும், ஒரு மழை தாங்காது. இஎன் 8, இஎன் 19 இதில் எது, மேல்தோலுக்கு ஹார்டனிங் உண்டா என்று பேசிவிட்டு வேலை கொடு. பின் வெளியே கடினமாகவும் உள்ளே வளைந்து கொடுக்கிறதாகவும் இருக்கணும். ஒரு அரத்தை எடுத்துத் தேய்த்துப் பார்: ஹார்டனிங் செய்த பின்னில் அரம் வழுக்கும், செய்யாததில் கடிக்கும். லாக் ஓட்டையை ஹார்டனிங்குக்கு முன்னாலேயே துளைக்கச் சொல். பிறகு மறந்துபோய் கேஸ் கட்டரால் ஊதி ஓட்டை போடுகிற பட்டறைகளும் இருக்கின்றன. அந்தப் பின்னை வாங்காமல் திரும்பி வா.

கம்பெனி சாமான் வாங்கும்போது, வண்டியில் அடித்திருக்கிற சீரியல் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போ. ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் லாக்கின் ஏற்பாடு மாறும். பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் கையில் கிடைப்பதைத் தருவார்.

9. நம்ம மண்ணை அறிந்துகொள்.

குமரி மாவட்டத்தில் வண்டி ஓட்டுவது சமவெளியில் ஓட்டுவது மாதிரி இல்லை. வடக்கே மலையடி குவாரி, நடுவே குளம், தெற்கே கடல். வருஷத்தில் இரண்டு மழை. நம் பாறையிலும் கடற்கரை மணலிலும் கார்னெட் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் இந்திய அருமணல் நிறுவனம் இல்மனைட், சிர்கான், மோனசைட் ஆகியவற்றோடு பிரிக்கிற அதே சிவப்பு மணல். இரும்பைத் தேய்த்துச் சுத்தம் செய்ய உலகம் முழுக்க வாங்குகிற பொருள் அது. அது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே டஸ்ட் சீலைக் காப்பாற்று. கிழிந்த சீல் உள்ள மூட்டுக்கு எத்தனை கிரீஸ் அடித்தாலும் அது மணலைப் பிசைகிற கிரீஸ்தான். பக்கெட் பக்கத்து மூட்டுகளுக்குக் காலையில் வண்டி எடுக்கும் முன் கிரீஸ் அடி. குளம் தூர்வாரும்போது பக்கெட் நாள் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும், அன்றைக்கு மத்தியானமும் அடி, சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போதும் அடி. வேலை முடிந்து மூட்டு சூடாக இருக்கும்போது அடித்த கிரீஸ், ராத்திரி ஈரத்தை உள்ளே விடாது. தூண்டில் வளைவு வேலைக்குப் போன வண்டியை நல்ல தண்ணீரில் கழுவாமல் நிறுத்தாதே. லாக் போல்ட்டின் தலையிலும் நட்டிலும் கிரீஸைப் பூசிவை, கழற்றுகிற அன்றைக்கு நன்றி சொல்வாய்.

10. பக்கெட் பல்லின் லாக்கை அற்பமாக நினைக்காதே.

பல்லை அடாப்டரில் பிடிக்கிற பின்னும் அதன் ரப்பர் லாக்கும் சின்னச் சாமான்கள். ரப்பர் செத்துப் போயிருந்தாலும் பழையதையே தட்டி உள்ளே விடுவார்கள். குவாரியில் பல் கழன்று கல்லோடு லாரியில் ஏறினால், அது போய்ச் சேரும் இடம் கிரஷரின் தாடை. கல்லை உடைக்கிற தாடைக்கு அந்த இரும்புப் பல்லை உடைக்க முடியாது, தாடைதான் போகும். புதுப் பல் போட்டால் புது பின், புது லாக். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் பல்லை எண்ணு. ஒன்று குறைந்தால் கிரஷருக்கு உடனே போன் போடு, முதலாளி திட்டுவார் என்று மறைக்காதே.

11. பிரேக்கர் மாட்டிய வண்டிக்குத் தனிக் கவனம்.

பிரேக்கர் அதிர்ச்சி மேலே உள்ள எல்லா லாக்கையும் தளர்த்தும். பிரேக்கருக்குள் உளியைப் பிடிக்கிற பின், கல் உடைந்த பிறகும் ஆப்பரேட்டர் பெடலை விடாமல் வெறுமனே அடித்தால் அடிவாங்கும், உளி கீழே இறங்கி அந்தப் பின்னின்மேலேயே இடிக்கும். உளிப் பின் அடிக்கடி நெளிகிற வண்டியில் பின்னைக் குறை சொல்லாதே, பெடலைப் பார்.

பக்கெட்டும் பிரேக்கரும் மாற்றி மாற்றி மாட்ட குவிக் கப்ளர் உள்ள வண்டியானால், கையால் சொருகுகிற சேஃப்டி பின்னைச் சொருகிய பிறகே வண்டியை நகர்த்து. இங்கிலாந்தில் இந்த ஒரு பின்னைச் சொருகாமல் விட்டதால் பக்கெட் கழன்று விழுந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அந்நாட்டு அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்பு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. சீட்டில் உட்கார்ந்தபடி பார்த்தால் அது தெரியாது. இறங்கிப் பார்.

12. பின் அடிக்கும்போது உன் உடம்பைக் காப்பாற்று.

பக்கெட்டைத் தரையில் வைத்து, அடியில் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, லீவரை ஆட்டிப் பிரஷரை இறக்கிய பிறகே லாக்கைத் தொடு. கடினப் பின்னைக் கடினச் சம்மட்டியால் நேராக அடித்தால் சில்லு தெறிக்கும். அது கண்ணுக்குள் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பித்தளைக் கட்டையை நடுவில் வைத்து அடி, கண்ணாடி போடு. பின் வெளியே வருகிற நேர்கோட்டில் யாரையும் நிற்கவிடாதே. ஓட்டை நேராக வந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்காதே, ஒரு கம்பியை விடு. ஆப்பரேட்டருக்குச் சைகை காட்டுவது ஒரே ஒரு ஆள்தான், நாலு பேர் கத்தினால் அவர் யார் பேச்சைக் கேட்பார்?

13. இது முதலாளிமாருக்கு.

தம்பிகளுக்கு இத்தனை சொன்னேன், உங்களிடமும் ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது. வண்டி மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடுகிறது. மீட்டர் ஓடாத நேரத்துக்குக் கூலி இல்லை என்றால், கிரீஸ் அடிக்கிற நேரமும் லாக்கைத் தட்டிப் பார்க்கிற நேரமும் பையனின் சொந்த நேரமாகிவிடுகிறது. அதைத்தான் அவன் முதலில் குறைப்பான், குறைத்தால் அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. காலையில் கால்மணி நேரத்துக்கும் சாயங்காலம் கால்மணி நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். வண்டியில் ஒரு சின்னப் பெட்டியில் அந்த வண்டிக்கான லாக் போல்ட், நட்டு, சர்க்ளிப், காட்டர் பின், பல் லாக் எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு வாங்கி வையுங்கள். சைட்டில் சாமான் இல்லாதபோதுதான் கட்டுக்கம்பி உள்ளே போகிறது.